இடது கைப் பெண்ணுக்கு எந்த ரேஞ்ச்?

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வீடு திருவொற்றியூர் தேரடி அருகில். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பள்ளி என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் சுட வைத்தார்களாம். அன்றிலிருந்து துப்பாக்கி சுடுதல் கற்றே தீருவேன் என்று நிற்கிறாள். இடது கைப் பழக்கம் உள்ளவள். மூன்று இடங்களைப் போய்ப் பார்த்தேன். தண்டையார்பேட்டையில் பழைய கிடங்கு ஒன்றை ரேஞ்ச் ஆக்கியிருக்கிறார்கள்: நான்கு லேன், ஃபேன் காற்று, பேப்பர் டார்கெட், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்லித் தருகிறார். பெரம்பூரில் வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் ஏ.சி. ஹால்: எட்டு லேன், எல்லாம் எலக்ட்ரானிக் டார்கெட். கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆறு மாதப் பணத்தை முன்னதாகக் கட்டச் சொல்கிறார்கள். மூன்றாவது வேளச்சேரிப் பக்கம். பெரிய இடம், ஆனால் தூரம். எதில் சேர்ப்பது? சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டி வருமா, லைசென்ஸ் வேண்டுமா? பெண் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வரலாமா?

— ஒரு தந்தை, திருவொற்றியூர்

பதில்: வணக்கம். மூன்று இடத்தையும் நேரில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். பலர் பணத்தைக் கட்டிவிட்டு, பிள்ளை இரண்டு மாதத்தில் போக மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஏ.சி.யையும் எலக்ட்ரானிக் டார்கெட்டையும் தாண்டி என் கண்ணில் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘இடது கை’. எழுதாமல் விட்டது இன்னொன்று: அவள் கற்கப் போவது ரைஃபிளா, பிஸ்டலா? ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் (இரண்டும் காற்றழுத்தத்தால் சுடுபவை) ஒரே ஹாலில், ஒரே 10 மீட்டர் தூரத்தில் சுடப்படுவதால் பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆனால் எந்த ரேஞ்ச் தோதானது என்பது அந்தத் தேர்வைப் பொறுத்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முகாமில் அவள் .22 சுட்டது படுத்த நிலையில் இருந்திருக்கும். முழங்கைகள் தரையில் ஊன்றியிருக்கும், ரைஃபிளின் பாரம் மண்ணுக்குப் போய்விடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் முழுக்க முழுக்க நின்றுகொண்டு சுடுவது. போட்டி ரைஃபிள் நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும், விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். அந்த எடையை இடுப்பெலும்பின் மேல் முழங்கையைச் சாய்த்து, முதுகைப் பின்னுக்கு வளைத்துத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட், பேண்ட், தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ எல்லாம். மே மாதம் தண்டையார்பேட்டைக் கிடங்கில், ஃபேன் காற்றில், அந்த ஜாக்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வியர்வை கண்ணில் இறங்கும், ஜாக்கெட்டின் உள்பக்கம் நனைந்து தளரும், காயப் போடாமல் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். 13 வயதுப் பெண் இன்னும் வளர்வாள். இன்று அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் ஒன்றரை வருடத்தில் தோளில் பிடிக்கும்.

பிஸ்டலில் இந்தச் சுமை எதுவும் கிடையாது. எடை ஒரு கிலோ அளவில் இருக்கும், 1.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். சாதாரண டி-ஷர்ட், தட்டையான ஷூ போதும். ஆனால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ஒற்றைக் கையை நீட்டி ஒரு கிலோவை அசையாமல் பிடிப்பதும், குறைந்தது 500 கிராம் விசை கொடுத்தால்தான் இயங்கும் ட்ரிகரைக் குறி கலையாமல் அழுத்துவதும் வருடக்கணக்கான வேலை. பிஸ்டல் டார்கெட்டில் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. இரண்டுக்கும் கஷ்டம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

ரைஃபிள்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கலாம். முகாமில் அவள் கையில் கிடைத்தது அதுதானே. மறுக்காதீர்கள். சேர்வதற்கு முன் இரண்டையும் சில நாள் தொட்டுப் பார்க்க விடும் இடமாகப் பாருங்கள். அப்படி விட மாட்டோம், சேர்ந்த பிறகுதான் என்று சொல்லும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது இடது கை. இதில் கையைவிடக் கண்தான் முதலில் பார்க்க வேண்டியது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்துக் கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதன் வழியாகத் தேர் நிற்கும் இடமோ, எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியோ, தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை இரு கண்ணும் திறந்தபடி பார்க்கட்டும். பிறகு ஒரு கண்ணை மட்டும் மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்தப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அது ஆளும் கண். கையும் கண்ணும் இரண்டும் இடது என்றால் கவலையே வேண்டாம், இடது பக்கமாகவே கற்கட்டும். கை இடது, கண் வலது என்று வந்தால், ரைஃபிளுக்குப் பெரும்பாலான கோச்கள் கண்ணுக்கே முன்னுரிமை தருவார்கள்; கன்னத்தை ஸ்டாக்கில், அதாவது தோளில் ஊன்றும் பின்கட்டையில், வைத்துப் பார்க்கும் ஆயுதம் அது. பிஸ்டலில் கையை மாற்ற வேண்டியதில்லை. தலையைச் சற்றுத் திருப்பி, பார்க்காத கண்ணுக்கு முன்னால் சின்னத் தடுப்பு அட்டை வைத்துச் சமாளிக்கலாம். அந்தத் தடுப்புக்கு விதியிலேயே இடம் உண்டு. கண்ணை இறுக்கி மூடிச் சுடப் பழகினால் அடுத்த கண்ணும் சேர்ந்து களைத்துவிடும்.

இந்தச் சோதனையை நீங்கள் சொல்வதற்கு முன்பே கோச் செய்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இடது கை என்று தெரிந்த பிறகும் “பழகிவிடும் சார், வலது கையிலேயே பிடிக்கட்டும்” என்று சொன்னால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் கற்பிக்கும் முறை கிடையாது, கையிருப்பில் உள்ள துப்பாக்கிகள். ரேஞ்சில் உள்ள பொதுத் துப்பாக்கிகள் எல்லாம் வலது கைக்கானவை.

பிஸ்டலின் மரக் கிரிப் உள்ளங்கையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது. வலது கைக் கிரிப்பை இடது கையால் பிடிக்கவே முடியாது. விரல் போக வேண்டிய இடத்தில் மரம் இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், போட்டி ஏர் பிஸ்டல்களில் கிரிப் தனியாகக் கழன்று வரும். ஒரே பிஸ்டலுக்கு இடது கைக் கிரிப், சிறிய அளவு ஒன்று வாங்கி மாட்டினால் போதும். ரைஃபிளில் ஸ்டாக்கும் கன்னம் வைக்கும் துண்டும் இடதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில மாடல்களில் லோடிங் லீவரைப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் முடியாது. அதனால் இரண்டு இடத்திலும் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “என் பெண் வரும் நேரத்தில் இடது கைக்கு ஏற்ற ஆயுதம் ஒன்று ஒதுக்கித் தர முடியுமா? இல்லையென்றால் கிரிப் நான் வாங்கித் தருகிறேன், மாட்டித் தருவீர்களா?” கிடங்குக்காரர் சரி என்று சொல்லவும் எட்டு லேன் ஹால் இல்லை என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. எட்டு லேனில் வலது கைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது ஒரு துப்பாக்கியைத் தனியாக ஒதுக்குவது அவர்களுக்கு நஷ்டம்.

எலக்ட்ரானிக் டார்கெட்டைப் பற்றி உங்களைப் போலவே பலரும் பிரமித்துப் போகிறார்கள். அதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவது ஆனார். எட்டுப் பேருக்குத்தான் இடம். 60 குண்டுகளில் இருவருக்கும் இடையே 0.8 புள்ளி. ரைஃபிள் டார்கெட்டில் 0.1 புள்ளி என்றால் கால் மில்லிமீட்டர். அறுபது குண்டுக்கும் சேர்த்து மொத்தமாகவே இரண்டு மில்லிமீட்டர்தான் ஒருவரை உள்ளே விட்டு ஒருவரை வெளியே நிறுத்தியது. அந்த உயரத்தில் தசமப் புள்ளி தெரியாமல் பயிற்சியே கிடையாது.

உங்கள் பெண்ணின் முதல் வருடத்துக்கு அது தேவையில்லை. சில பிள்ளைகளுக்குக் கெடுதலும்கூட. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துத் திரையில் எண் மின்னும், 9.1 வந்தால் முகம் வாடும், 10.4 வந்தால் அதையே மறுபடி பிடிக்கத் துரத்தும். பேப்பரில் பத்துக் குண்டு சுட்டு, கயிற்றை இழுத்து அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கும் பிள்ளை, எண்ணைக் காட்டிலும் துளைகள் கூடி நிற்கும் இடத்தைப் பார்க்கப் பழகும். க்ரூப் சிறியதாக இருந்து இடது கீழே ஒதுங்கியிருந்தால் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருப்பினால் போதும். சிதறிக் கிடந்தால் பிடியிலோ ட்ரிகரிலோ கோளாறு. இதைக் கோச் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கும் ஐந்து நிமிடம்தான் உங்கள் பணத்துக்கு மதிப்பு. எலக்ட்ரானிக் திரையும் க்ரூப்பைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளைகள் எண்ணைத்தான் பார்க்கும். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

அதனால் அடுத்த முறை போகும்போது டார்கெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுடுபவர்களையும் கோச்சையும் ஒரு மணி நேரம் பாருங்கள். மாலைக் கூட்டம் இருக்கும் நேரமாகப் போங்கள்.

முதலில் பாதுகாப்பு. உள்ளே போகும் கதவு ஃபயரிங் லைனுக்குப் பின்னால் திறக்கிறதா? லைனுக்கு முன்னால் பக்கவாட்டில் கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா? யாராவது டார்கெட் பக்கம் போகும்போது எல்லாத் துப்பாக்கியும் கீழே வைக்கப்பட்டு, கைகள் விலகியிருக்கின்றனவா? சுடாத நேரத்தில் குழாய்க்குள் பளிச்சென்ற நிறத்தில் சேஃப்டி ஃப்ளாக் என்ற நைலான் இழை செருகியிருக்கிறதா? அந்த இழை ரப்பர் ஸ்லிப்பர் விலைக்கும் வராது. சர்வதேசப் போட்டிகளில் அது இல்லாமல் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாது. ‘லோட்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ என்ற கட்டளைகள் சத்தமாக வருகின்றனவா, வந்தவுடன் எல்லோரும் நிற்கிறார்களா? ஓய்வு பெற்ற ராணுவக்காரர் நடத்தும் இடத்தில் இது பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். வளாகத்து ஹால்களில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: சனி, ஞாயிறு மாலைகளில் பிறந்தநாள் கூட்டம், நண்பர்கள் கூட்டம் என்று பத்து ஷாட்டுக்குக் கட்டணம் கட்டிச் சுட வருபவர்களை அதே லைனில் பயிற்சிப் பிள்ளைகள் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். செல்ஃபி எடுக்கத் துப்பாக்கியோடு திரும்பும் ஆளுக்கு இரண்டடி தள்ளி உங்கள் பெண் நிற்கக் கூடாது. பெரம்பூர் ஹாலில் வார இறுதியில் இதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். நேரம் பிரித்திருந்தால் குறை சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து, கோச் என்ன செய்கிறார். ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை குண்டு சுடுகிறது, எத்தனை முறை குண்டே போடாமல் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து இறக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை சுடுவதைவிட அதிகமாகச் சும்மா பிடித்துப் பழக வேண்டும். இதை ட்ரை (dry, குண்டில்லாப் பயிற்சி) என்பார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டும், பெற்றோருக்குக் கட்டணம் வீணாகப் போவதாகத் தோன்றும். அதையெல்லாம் மீறி ட்ரை செய்ய வைக்கும் கோச்சை விடாதீர்கள். நான்கு லேனுக்கு ஒரு கோச் என்றால் நான்கு பேரையும் பார்க்க முடியும். எட்டு லேனுக்கு ஒருவர் என்றால், அதிலும் அவரே கல்லாவையும் பார்க்கிறார் என்றால், உங்கள் பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு லேன் மட்டும்தான். கட்டணத்தை ஒப்பிடும்போது மாதத் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். கோச் பக்கத்தில் நிற்கும் நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். பெல்லட்டும் (ஏர் துப்பாக்கியின் குண்டு) அட்டையும் அதில் சேர்த்தியா என்றும் கேளுங்கள். 500 பெல்லட் ஒரு டப்பா. வாரம் நான்கு நாள், நாளுக்கு 60 குண்டு என்றால் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இந்தச் செலவைக் கட்டண அட்டையில் யாரும் எழுத மாட்டார்கள்.

ஒரு அளவு டேப் எடுத்துப் போங்கள். கூச்சப்படாமல் ஃபயரிங் லைனிலிருந்து டார்கெட் முகம் வரை அளக்கச் சொல்லுங்கள். 10 மீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ மட்டுமே விதி அனுமதிக்கிறது. இடம் போதாமல் ஒன்பதரை மீட்டரில் லேன் போட்டிருந்தால், க்ரூப் சிறியதாகத் தெரியும், பிள்ளை மகிழும், முதல் போட்டியில் உண்மை தெரியும். டார்கெட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டார்கெட் மேல் விழும் வெளிச்சம் குறைந்தது 1500 லக்ஸ். அளக்க மீட்டர் வேண்டாம். அட்டையின் வெள்ளை பளிச்சென்று, நிழல் விழாமல், நான்கு லேனிலும் ஒரே மாதிரி தெரிந்தால் சரி. பழைய கிடங்குகளில் இந்த வெளிச்சம்தான் முதலில் இடிக்கும். எல்.இ.டி. விளக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் பிரச்சினை. நீங்கள் சொன்னால் மாற்றுவாரா என்பதிலேயே அவரைப் பற்றித் தெரிந்துவிடும்.

இரண்டாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் மாடியிலோ பக்கத்திலோ ஜிம், நடன வகுப்பு ஏதாவது இருக்கிறதா? தரை அதிர்ந்தால் நின்று சுடும் ரைஃபிள் ஆளுக்குக் காலிலேயே தெரியும். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பாருங்கள், நீர்ப்பரப்பு நடுங்கினால் புரிந்துகொள்ளலாம். கிடங்கிலும் வையுங்கள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் உங்கள் பக்கத்து வீடுகளையே ஆட்டுகின்றன.

ஈயத்தைப் பற்றி எந்த ரேஞ்ச்காரரும் தானாகப் பேச மாட்டார், அதனால் நான் சற்று நீட்டுகிறேன். ஏர் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை, அதனால் .22 ரேஞ்சில் இருக்கும் புகை இங்கே கிடையாது. ஆனால் பெல்லட் ஈயத்தில் செய்தது. இரும்புத் தகட்டில் மோதித் தூளாகிறது, பெல்லட் எடுக்கும் விரலில் கருப்பாக ஒட்டுகிறது. வளரும் பிள்ளைகளின் உடம்பில் ஈயம் சேரவே கூடாது. அதைத் தடுப்பது எளிது. ரேஞ்சுக்குள் தின்பண்டம், தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதி இருக்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ இடம் இருக்க வேண்டும். சானிடைசர் ஈயத்தைப் போக்காது. தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஏ.சி. ஹாலில் ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். உள்ளேயே சுற்றும் காற்றை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மேலே காற்றோட்டம் உள்ள கிடங்கு ஜெயிக்கலாம். பயிற்சி முடிந்து பாரிமுனைக்குப் போய் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், கை கழுவிய பிறகு. பெல்லட் திரும்பித் தெறிப்பதும் உண்டு, அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்று திருகையும் குழாயையும் தின்றுவிடும். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைத் துடைத்து வைக்கிறார்களா, பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய போட்டி ஏர் துப்பாக்கிகள் 200 பார் (bar, அழுத்த அலகு) அளவுக்கு அழுத்திய காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடுபவை. ஈரக் காற்றை நிரப்பினால் உள்ளே துருப் பிடிக்கும். சிலிண்டர் மேல் தயாரிப்பு மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பிள்ளையின் முகத்துக்கு அருகில் இருக்கும் பொருள் அது. தேதியைப் படித்துப் பாருங்கள். இதைக் கேட்டால் கோபப்படும் ரேஞ்ச்காரரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை.

வேளச்சேரியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பள்ளி விட்டு வந்து, திருவொற்றியூரிலிருந்து நகரத்தின் அந்த முனைக்குப் போய், ஒன்றரை மணி நேரம் பழகி, திரும்பி வந்து வீட்டுப்பாடம் எழுத 13 வயதுப் பிள்ளையால் வாரம் ஒருமுறைக்கு மேல் முடியாது. வாரம் ஒரு நாள் நல்ல இடத்தில் பழகுவதைவிட நான்கு நாள் சுமாரான இடத்தில் பழகுவது மேல். ஆனால் அந்தப் பக்கம் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். வேளச்சேரி குரு நானக் கல்லூரி ரேஞ்சில்தான் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்தன. அங்கே ஏதாவது போட்டி நடக்கும் நாளில் பார்வையாளராக உட்கார்ந்து, தன் வயதுப் பெண்கள் 75 நிமிடத்தில் 60 குண்டு சுடுவதை அவள் பார்க்கட்டும். ரைஃபிளா பிஸ்டலா என்ற கேள்விக்கு அன்று அவளே பதில் சொல்லக்கூடும்.

போட்டிக்குப் போவதாக இருந்தால் ஒன்றைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலப் போட்டியை நடத்துவது தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷன். அதற்கு மேல் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம். அதில் பதிவு செய்தால்தான் ஷூட்டர் அடையாள எண் கிடைக்கும். நீங்கள் சேரும் இடம் அசோசியேஷனோடு இணைந்த கிளப்பா, அல்லது அவர்கள் பிள்ளைகள் எந்தக் கிளப் வழியாக எண்ட்ரி போடுகிறார்கள் என்று கேளுங்கள். எழும்பூரில் உள்ள சென்னை ரைஃபிள் கிளப் போன்றவற்றில் தனியாக உறுப்பினர் ஆக வேண்டி வரலாம். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பது பதில் ஆகாது. போன வருடம் எத்தனை பிள்ளைகள் மாநிலப் போட்டிக்குப் போனார்கள், அவர்களில் ஒருவரின் பெற்றோரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பள்ளி வழியாகவும் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளுக்குப் போகலாம். உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பெண்ணை விட்டுவிட்டு வரலாமா என்ற கேள்விக்கு: முதல் மாதங்களில் வேண்டாம். உங்களுக்கு ஷிஃப்ட் என்றால் அவள் அம்மாவோ பாட்டியோ உட்காரட்டும். துப்பாக்கி சுடுதலில் கோச் பிள்ளையின் தோளையும் முழங்கையையும் இடுப்பின் கோணத்தையும் சரிசெய்யத் தொட நேரும். நல்ல கோச் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவார், முடிந்தவரை தானே நின்று காட்டுவார், அல்லது மூத்த பெண் பிள்ளையை விட்டுத் திருத்தச் சொல்வார். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது, கவனம் சிதறும் என்று சொல்லும் இடம் எவ்வளவு பெரிய இடமானாலும் வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே உட்காருங்கள் என்று சொன்னால் நியாயம். பயிற்சி பெறும் மற்ற பெண்கள் எத்தனை பேர், கழிப்பறை எங்கே இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் அவள் அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் நல்லது. இதையெல்லாம் அப்பாக்கள் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்.

ஆக என் ஆலோசனை இது. பிஸ்டல் என்றால் தண்டையார்பேட்டை: இடது கைக் கிரிப் மாட்டித் தர ஒப்புக்கொண்டு, தூரமும் வெளிச்சமும் கை கழுவும் இடமும் சரியாக இருந்தால். வீட்டிலிருந்து மெட்ரோவில் சில ஸ்டேஷன்தான், வாரம் நான்கு நாள் போக முடியும், கோச்சின் கண் நான்கு பேர் மீதும் இருக்கும். மாதம் ஒருமுறை பெரம்பூரில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லேன் எடுத்து எலக்ட்ரானிக் டார்கெட்டில் சுட்டுப் பார்க்கட்டும், போட்டியில் அதுதான் இருக்கும் என்பதால். ரைஃபிள்தான் என்று அவள் உறுதியாக நின்றால் பெரம்பூர் பக்கம் என் தராசு சாயும். அந்த ஜாக்கெட்டுக்கு ஏ.சி. ஆடம்பரம் இல்லை. அப்போதும் ஆறு மாத முன்பணம் வேண்டாம். ஒரு மாதம் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும். பொதுத்தேர்வு நெருங்கும்போது பயிற்சி குறையும், அப்போது கட்டிய பணம் திரும்பாது.

சொந்தத் துப்பாக்கி இப்போது வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி ஏர் ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஒரு வருடம் ரேஞ்ச் துப்பாக்கியில் சுட்டு, கோச் ஒரு மாடலைக் காரணத்தோடு சொல்லும்போது வாங்கலாம். அதுவரை கிரிப்பும் கண்ணாடியும் போதும். லைசென்ஸைப் பொறுத்தவரை, 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகசக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் இதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், பில்லைத் தொலைக்காதீர்கள். முகாமில் அவள் சுட்ட .22 வேறு வகை: அதற்கு லைசென்ஸ் வேண்டும், அதைப் பற்றி இன்னும் பல வருடம் நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

வாங்கிய பிறகும் அதை வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் தினமும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கிதான் என்றாலும், மெட்ரோ வாசலில் பை ஸ்கேனருக்குள் போகும்போது திரையில் தெரிவது துப்பாக்கிதான். தேரடி ஸ்டேஷனில் பாதுகாவலரிடம் நின்று விளக்கம் சொல்லும் வேலையை 13 வயதுப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். ரேஞ்சிலேயே பூட்டி வைக்க இரும்பு அலமாரி தருகிறார்களா, சாவி யாரிடம் இருக்கும், எடுத்ததற்கும் வைத்ததற்கும் பதிவேட்டில் கையெழுத்து உண்டா என்று இப்போதே இரண்டு இடத்திலும் கேட்டுவிடுங்கள்.